மலை மேலிருந்தே பார்க்கலாமே, ராக்கெட் எதற்கு?

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் எங்கள் பெரியப்பாவின் பூண்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை. பழைய தகரம், ஆணி கழன்ற இடத்திலெல்லாம் ஓட்டை. பூண்டுக்குப் புகை போட்டிருக்கும் நாளில் உள்ளே போனால், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் வெளிச்சம் ஒரு குச்சி போலச் சாய்ந்து இறங்குவது புகையில் தெரியும். அது தரையைத் தொடும் இடத்தில் காசு மாதிரி ஒரு வட்டம்.

சின்ன வயதில் அதை ஓட்டையின் வடிவம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஓட்டை சதுரமாக இருந்தாலும் கிழிசலாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். அது சூரியனின் படம். நம்பிக்கை வரவில்லை என்றால் அடுத்த கிரகணத்துக்குக் காத்திருங்கள். 2019 டிசம்பர் 26 காலையில், மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன.

இந்தக் காசை வைத்துச் சூரியனை அளந்துவிடலாம். ஓர் அட்டையை வெளிச்சத்துக்கு நேர் குறுக்கே பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் வட்டம் முட்டையாகிவிடும். சின்ன ஆணி ஓட்டையாக இருந்து, அங்கிருந்து அட்டை வரை 270 செ.மீ. என்றால், வட்டத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. வரும். 270-ஐ 2.5-ஆல் வகுத்தால் 108. அதாவது சூரியன் தன் அகலத்தைப் போல 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் சுமார் 15 கோடி கி.மீ. அதை 108-ஆல் வகுத்தால், அகலம் 14 லட்சம் கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. வானியல் புத்தகங்களில் இருப்பதும் அதே அளவுதான். (சூரியனை நேராகக் கண்ணால் மட்டும் பார்த்துவிடாதீர்கள். அட்டையில் விழும் படத்தைப் பார்த்தால் போதும்.)

நான் டேப்பும் அட்டையுமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: “அதான் இங்க நின்னே சூரியனை அளந்துட்டியே. அப்புறம் எதுக்குடா கோடி கோடியாக் கொட்டி ராக்கெட் விடுறாங்க?”

விண்வெளி ஆய்வைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பதிலை எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் ராக்கெட் காலத்துக்கு வெகு முன்பே, வானத்தைப் பார்ப்பதற்கென்று இந்தப் பழனி மலையில் அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. அதற்குக் காரணமாக இருந்தது பஞ்சம்.

1876-78 பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். மழை பொய்த்தது, ஆட்சியின் கல்நெஞ்சமும் சேர்ந்துகொண்டது, லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். அந்தக் காலத்து அறிவியலில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சூரியன் மேல் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ? இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே! சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சுக்கு இதனால்தான் வலு வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதலே ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. ஆனால் அங்கே புழுதி, மேகம், கடற்காற்று. மைக்கி ஸ்மித் என்ற வானியலாளர் இடம் தேடிக் கடைசியில் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர். 1899-ல் ஆய்வுக்கூடம் வந்தது, 1901-ல் முறையான வேலை தொடங்கியது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பகுதியை ‘அப்சர்வேட்டரி’ என்றுதான் சொல்கிறார்கள்.

மழைக் கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. கரும்புள்ளியை எண்ணிப் பருவமழையைச் சொல்லும் வித்தை கைகூடவில்லை. ஆனால் கேட்டது கிடைக்காத இடத்தில் கேட்காதது கிடைத்தது.

ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1907-ல் இங்கே வந்தார். 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அவருக்கு ஒன்று தென்பட்டது. அதைப் புரிந்துகொள்ள, பெருமாள்மலைப் பக்கம் ரோட்டோரம் நின்று, ஹாரனை அமுக்கியபடியே வரும் பஸ்ஸைக் கேளுங்கள். நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கூர்மையாக இருக்கும். தாண்டிப் போன நொடியில் சட்டெனக் கனத்துவிடும். ஹாரன் மாறவில்லை, பஸ் போகும் திசைதான் மாறியது. ஒளியிலும் இதேதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் ஒரு மயிரிழை நகரும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வை அளந்து, கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று எவர்ஷெட் கண்டார். உலகம் முழுக்க வானியல் பாடத்தில் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவருடைய மனைவி மேரியும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-ல் வந்தது. கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் மேரியை விட்டுவிடுவது வழக்கம், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கரும்புள்ளி என்பது அப்படியொன்றும் கரி இல்லை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், கரும்புள்ளி அதைவிட ஆயிரம், இரண்டாயிரம் டிகிரி குறைவு. பக்கத்தில் இருப்பது அவ்வளவு பளீரென்று எரிவதால் இது கறுப்பாகத் தெரிகிறது. அந்த இடத்தில் காந்தப்புலம் வலுவாக இருந்து, உள்ளிருந்து மேலே வரும் வெப்பத்தை மறிக்கிறது.

சரி, மலையிலிருந்தே இவ்வளவு தெரிந்தால் மேலே ஏன் போக வேண்டும்?

கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கினவருக்கு முதல் காரணம் தெரியும். மேகம். காலையில் பளிச்சென்று விடியும். பத்து, பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவந்து எதிர்வீட்டையே மறைத்துவிடும். அப்புறம் எங்கே சூரியன்? எப்படியும் சாயங்காலம் ஆனால் அது மறைந்துவிடும்.

இரண்டாவது காரணம், காற்று. அடுப்பு எரியும்போது அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை அசைப்பதால் வரும் நெளிவு அது. நம் தலைக்கு மேலே இருக்கும் மொத்த வளிமண்டலமும் அப்படி நெளிந்துகொண்டேதான் இருக்கிறது. நட்சத்திரம் கண் சிமிட்டுவது இதனால்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். சூரியன் அனுப்பும் ஒளியில் எல்லாமே தரைக்கு வந்து சேர்வதில்லை. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் மேலேயே நிறுத்திவிடுகிறது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுக்கிறது. நாம் உயிரோடு இருப்பது அதனால்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் சூரியன் சீறும்போது என்ன நடக்கிறது என்று அந்தக் கதிர்களில்தான் நன்றாகத் தெரியும். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் வந்து சேராத ஒளியைப் பார்க்க முடியாது. வளிமண்டலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கை நீலகிரியில் பார்க்கலாம். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை, இரவு பகலும் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதைக் கட்ட அவர்கள் தேடியது சமதரையை அல்ல, வடக்குத் தெற்காகச் சுமார் 11 டிகிரி சரிந்த ஒரு மலைச்சரிவை. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. அந்தச் சரிவில் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் பூமி சுழலும் வேகத்துக்கு எதிர்த்திசையில் மெல்ல உருட்டிவிட்டால் போதும், வானத்தில் ஒரே இடத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலையையே கருவியின் பாகமாக்கிக்கொண்ட இந்த யோசனை எனக்கு ராக்கெட்டைவிடப் பிடித்தது. ஆனால் ரேடியோ அலை காட்டுவது ஒரு பக்கத்தைத்தான்.

மேலே போவது என்றால் இரண்டு விதம் இருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி விண்வெளி புரிந்த மாதிரி.

ஒன்று, ஏறி இறங்குவது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அந்த வகை. அமெரிக்காவில் செய்த நைக்கி அப்பாச்சி. மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கியது, அது அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறமாக மின்னியது, ராக்கெட் கீழே விழுந்தது. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போகிறது. உயரே காற்றில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அது தோதான இடம். மேரி மகதலேனா தேவாலயத்தைத்தான் அலுவலகமாக்கினார்கள்.

மற்றொன்று, விழாமல் சுற்றுவது. டால்பின் நோஸ் பாறையில் நின்று ஒரு கல்லை எறிகிறீர்கள் என்று வையுங்கள். (நிஜத்தில் எறிய வேண்டாம், கீழே ஆட்கள் இருப்பார்கள்.) வளைந்து கீழே விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குப் பூமியும் வளைந்து விலகும். கல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, தரைதான் வந்து சேர மாட்டேன் என்கிறது. அதுதான் சுற்றுப்பாதை. காற்று தடுக்காத உயரத்தில் அதற்கு நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ. வேகம் வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம் ஆகும். நேர்க்கோட்டில் இந்த வேகத்தில் போனால் பத்து நொடி.

அந்த வேகத்தை முதலில் எட்டியது 1957 அக்டோபர் 4-ல் சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக். 58 செ.மீ. உருண்டை, 84 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வேலை பீப் பீப் என்று ஒலி அனுப்புவது. அடுத்த மாதமே லைக்கா என்ற நாயை ஏற்றினார்கள், திரும்பக் கொண்டுவர ஏற்பாடே செய்யாமல். 1961 ஏப்ரல் 12-ல் ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி இறங்கினார். 1969 ஜூலையில் மனிதன் நிலாவில் கால் வைத்தான், 1972-க்குள் பன்னிரண்டு பேர் நடந்து முடித்தார்கள், அதோடு நின்றுவிட்டது. இதையெல்லாம் அறிவுத் தாகம் என்று மட்டும் சொல்வது பொய். ராக்கெட் வந்த வழி குண்டு வீசும் வழி. முந்தப்போவது நீயா நானா என்ற அமெரிக்கா, சோவியத் யூனியன் போட்டியில்தான் பணம் கொட்டியது.

இந்தியா போன பாதை வேறு. முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா 1975 ஏப்ரலில் சோவியத் ராக்கெட்டில் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சி அனுப்பிப் பார்த்தார்கள். விவசாயம், உடல்நலம், பள்ளிப்பாடம். நிலாவுக்குப் போகும் ஆசை அப்போது பேச்சிலேயே இல்லை. சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது 1980 ஜூலையில்.

பெரியப்பாவின் கோடிக் கணக்குக்கு வருவோம். செவ்வாய்க்குப் போன மங்கள்யானுக்கு ஆன செலவு சுமார் 450 கோடி ரூபாய். நாட்டின் ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு நாலு ரூபாய் வராது. ஆனால் மலிவு என்பது ஒரு பதில் ஆகாது. மலிவாகக் கிடைக்கிறது என்று வேண்டாததை வாங்குவோமா? என்ன கிடைத்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது நமக்கென்று வானத்தில் ஒரு கண் இல்லை. பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் வாரிக்கொண்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்ளே வந்து எங்கள் மலையையும் உலுக்கிவிட்டுப் போனது. மரங்கள் ரோட்டில் விழுந்தன, கரண்டு கம்பி அறுந்தது. எங்கள் கொட்டகைத் தகரம் ரெண்டு பறந்துபோய்ப் பள்ளத்தில் கிடந்தது, ஓட்டைக் கதையின் ஒரு பகுதி அதுதான். ஆனால் அந்தப் புயல் வருவது பல நாள் முன்பே தெரியும். வங்கக்கடலில் அது சுருள்வதை இன்சாட் செயற்கைக்கோள்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன, கரையோரம் இருந்தவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். தெரிந்தும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை, அது வேறு கதை. தெரியாமல் இருந்த காலம் போய்விட்டது.

அப்புறம் போனில் வழி காட்டும் வரைபடம், மீனவருக்குப் போகும் எச்சரிக்கை, காட்டுத்தீ எங்கே பிடித்தது என்ற தகவல். பட்டியல் போட்டால் நீளும், உங்களுக்கே தெரிந்தவைதான். பலருக்குத் தெரியாதது, இவ்வளவையும் சூரியன் ஒரே சீறலில் கெடுக்க முடியும் என்பது.

சூரியன் சில நேரம் கோடிக்கணக்கான டன் மின்னூட்டத் துகள்களை வாரி வீசும். அது பூமியின் பக்கம் வந்தால் காந்தப்புலம் குலுங்கும், நீண்ட மின்கம்பிகளில் தானாக மின்சாரம் பாயும். 1859-ல் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. செயற்கைக்கோள்களும் தப்பாது. இதைத்தான் விண்வெளி வானிலை என்கிறார்கள்.

இதைக் கவனிக்க இந்தியா அனுப்பியது ஆதித்யா எல்1. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி 2024 ஜனவரி 6-ல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி ஓர் இடம் இருக்கிறது, அங்கே சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சேர்ந்து, ஒரு பொருளைப் பூமியோடு கூடவே சுற்ற வைக்கும். அதற்குப் பெயர்தான் எல்1. 15 லட்சம் என்றதும் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று எண்ண வேண்டாம், மொத்தத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்குதான். பக்கம் போவது நோக்கமே இல்லை. அங்கே இரவு கிடையாது, மஞ்சு கிடையாது, நெளியும் காற்று கிடையாது.

அதில் இருக்கும் முக்கியக் கருவி சூரியனின் முகத்தை மறைத்துவிட்டு, சுற்றியிருக்கும் மங்கலான ஒளிவட்டத்தைப் பார்க்கும். மலைப்பாதையில் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும்போது, எதிரே வரும் லாரி தெரிய டிரைவர் கையை உயர்த்திச் சூரியனை மறைப்பாரே, அதே வேலை. தரையில் இதைச் செய்தால் சுற்றியுள்ள நீல வானமே அந்த ஒளிவட்டத்தை விழுங்கிவிடும், முழுக் கிரகணத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். காற்றில்லாத இடத்தில் சூரியனுக்குப் பக்கத்திலும் வானம் கறுப்பு. இந்தக் கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் அப்சர்வேட்டரியை நடத்துவதும் அவர்கள்தான்.

அப்படியானால் மலையில் இருப்பது இனி அருங்காட்சியகம் மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதித்யா பார்க்கத் தொடங்கிச் சில ஆண்டுதான் ஆகிறது, 11 ஆண்டுச் சுழற்சி ஒன்றைக்கூட அது முழுதாகப் பார்க்கவில்லை. கொடைக்கானலில் 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், முதலில் கண்ணாடித் தகடுகளில், பிறகு ஃபிலிமில். யாரோ ஒருவர் குளிரில் எழுந்து, கூரையைத் திறந்து, ஒரு தகட்டைச் செருகி, தேதி எழுதி வைத்த வேலை. நூறு ஆண்டுக்கும் மேலாக அது நிற்காமல் நடந்திருக்கிறது. அவற்றை இப்போது டிஜிட்டலாக்கிவிட்டார்கள். இந்தச் சீறல் வழக்கமானதா, அபூர்வமானதா என்று ஆதித்யா அனுப்பும் தகவலைப் பார்த்துத் தீர்மானிக்கக் கணக்குப் புத்தகம் வேண்டுமே. அது இங்கேதான் இருக்கிறது.

இதில் பாதியைத்தான் பெரியப்பாவிடம் சொல்லி முடித்தேன். அவர் போனில் இருந்த இன்சாட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், விரலால் பெரிதாக்கி எங்கள் மலை இருக்கும் இடத்தைத் தேடினார். “இதெல்லாம் இருக்கட்டும், நாளைக்கு மழை உண்டா?” என்றார். தாது வருடத்துக்குப் பிறகு கேட்ட அதே கேள்வி. படத்தில் மேகம் தென்கிழக்கிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு மேல் வரலாம் என்றேன்.

உடனே ஏணியை எடுத்துவரச் சொன்னார். தார்ப் பசையும் சாக்குத் துண்டுமாகக் கூரை ஏறி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கடைசி ஒன்றுக்கு வந்தபோது மட்டும் மேலிருந்தபடியே எட்டிப் பார்த்து, “இது உனக்கு வேணுமா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு இறங்கினார்.